சமையலறைக் குழாயில் வெந்நீர் சீக்கிரம் வர: வாளியில் தொடங்கி கீசர் வரை

மார்கழிக் காலையில் வெண்பொங்கல் வைத்த உருளியைக் கழுவியிருக்கிறீர்களா? நெய் உறைந்து உள்சுவரில் வெள்ளையாக அப்பியிருக்கும். பச்சைத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு கைக்கு ஏறுமே தவிர பாத்திரத்தை விட்டுப் போகாது. என் அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. அழுத்தித் தேய்க்க முடியாது, வெந்நீர் வேண்டும். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கீசர் இருப்பது ஒரு கோடியில், குளியலறையில். சிங்க் இருப்பது மறுகோடியில். குழாயை வெந்நீர் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீருக்கு அடியில் விரலை நீட்டி நீட்டிப் பார்த்தபடி அம்மா நிற்பார். அத்தனை நேரமும் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, குடத்தோடு லாரிக்காக வரிசையில் நின்ற ஊர் இது. அந்தக் கோடைக்குப் பிறகு திறந்துவிட்ட குழாயைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும். அதனால்தான் இந்தக் காத்திருப்பை ஒழிக்க உட்கார்ந்தேன். நான் செய்தது, அதில் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் அதே வரிசையில் எழுதுகிறேன். ஒன்றே ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.

முதல் வேலை: வாளி, கடிகாரம்

காலையில் யாரும் வெந்நீர் திறப்பதற்கு முன் கீசரைப் போட்டு, விளக்கு அணையும் வரை விடுங்கள். சிங்க்கில் ஒரு வாளியை வைத்து, குழாயை முழுக்க வெந்நீர் பக்கம் திருப்பித் திறங்கள். கை பொறுக்கும் சூடு வந்த நொடியில் மூடுங்கள். எத்தனை விநாடி ஆனது, வாளியில் எத்தனை லிட்டர் சேர்ந்தது, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் 75 விநாடி, 5 லிட்டர். அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர் வேகம். ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றால் 15 லிட்டர், மாதத்துக்கு 450 லிட்டர். வாளியில் பார்க்கும்வரை இவ்வளவு என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு எண்களும் வேறு வேறு நோயைக் காட்டும். லிட்டர் அதிகம் என்றால் பைப் நீளம் அல்லது பருமன் அதிகம். லிட்டர் குறைவாக இருந்தும் விநாடி அதிகம் என்றால் வேகம் போதவில்லை, எங்கோ அடைப்பு இருக்கிறது. எவ்வளவு விட்டாலும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை என்றால் பச்சைத் தண்ணீர் எங்கோ உள்ளே கலக்கிறது.

பைப்புக்குள் எவ்வளவு தண்ணீர்?

கீசர் சூடாக்குவது அதன் தொட்டியில் இருக்கும் தண்ணீரைத்தான். கீசருக்கும் சிங்க்குக்கும் நடுவே பைப்பில் ஆறிப்போய் நிற்கும் தண்ணீர் முழுவதும் வெளியே வந்த பிறகுதான் சூடு வரும். இப்போது வீடுகளில் வெந்நீருக்குப் போடும் சந்தன நிற சி.பி.வி.சி. பைப்பில், ஒரு மீட்டருக்குள் நிற்கும் தண்ணீர் சுமாராக இவ்வளவு: அரை இஞ்ச் பைப்பில் 120 மில்லி, முக்கால் இஞ்ச் பைப்பில் 260 மில்லி, ஒரு இஞ்ச் பைப்பில் 430 மில்லி. அரை இஞ்ச்சிலிருந்து முக்காலுக்குப் போனால் தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது, கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் 14 மீட்டர், முக்கால் இஞ்ச். பைப்பில் 3.6 லிட்டர் நிற்கிறது. வாளியில் வந்ததோ 5 லிட்டர். மிச்சம் எங்கிருந்து வந்தது? முதலில் வரும் வெந்நீர் தன் சூட்டைக் குளிர்ந்த பைப்புக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறது. பைப் சூடாகும் வரை சிங்க்கில் வருவது வெதுவெதுப்புதான். கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ கூடுதலாக வந்தால் இயல்பு. இரண்டு மடங்கு வந்தால் வேறு கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு இழப்பும் உண்டு. குழாயை மூடியதும் அதே 3.6 லிட்டர் வெந்நீர் பைப்பிலேயே நின்று ஆறுகிறது. 28 டிகிரித் தண்ணீரை 55 டிகிரி ஆக்கியதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் பைப்பில் விட்டுப்போகும் சூடு 0.11 யூனிட். மூன்று லிட்டர் தண்ணீரைப் புதிதாகச் சூடாக்க ஆகும் மின்சாரமே 0.1 யூனிட்டுக்குள்தான். சிங்க் பக்கத்திலேயே மூன்று லிட்டர் சின்ன கீசர் வைக்க நான் எடுத்த முடிவுக்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

காசு செலவில்லாத வேலைகள்

வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாய் ஒற்றைக் கைப்பிடி உள்ளதாக இருந்தால், காத்திருக்கும்போது அதை நடுவில் விடாதீர்கள். நடுவில் இருந்தால் பாதி பச்சைத் தண்ணீர், பாதிதான் வெந்நீர் வழியிலிருந்து வரும். பைப் காலியாக இரண்டு மடங்கு நேரம் ஆகும். முழுக்க வெந்நீர் பக்கம் தள்ளி, சூடு வந்ததும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, குழாய் வாயில் இருக்கும் சல்லடை, அதாவது ஏரேட்டர். சென்னையில் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், குழாய் முனையில் வெள்ளை வளையமே படிந்திருக்கும். ஏரேட்டரைத் துணி சுற்றித் திருகிக் கழற்றி, வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கவும். நான் கழற்றியபோது சல்லடையில் பாதிக் கண்கள் அடைந்திருந்தன, நடுவில் ஒரு மணல் துணுக்கு சிக்கியிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் வேகம் நிமிடத்துக்கு 4 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்கு ஏறியது. அப்படியே சிங்க் அடியில் குனிந்து, வெந்நீர் பக்கத்து ஆங்கிள் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போதோ வேலை பார்த்தவர்கள் பாதி மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

மேல் மாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு மேலே எத்தனை மீட்டரோ, அத்தனை 0.1 பார்தான் அழுத்தம். மூன்று மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் 0.3 பார். அந்த அழுத்தத்தில் நுரை வரும் ஏரேட்டர் தடைதான். ஓட்டம் பெரிதாக உள்ள சாதாரண மூக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.

பச்சைத் தண்ணீர் கலக்கிறதா? ஒரு சோதனை

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் கீசரைக் குறை சொல்லி ஒரு மெக்கானிக்குக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்க மாட்டேன். கீசருக்குள் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடுங்கள். வீட்டில் மற்ற குழாய்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். இப்போது சிங்க் குழாயை முழுக்க வெந்நீர் பக்கம் திறங்கள். கொஞ்சம் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர் வழிக்குள் வருகிறது.

பெரும்பாலும் அது குளியலறையில்தான் இருக்கும். மிக்ஸரில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு திருகையும் திறந்துவிட்டு, கை ஷவரின் பொத்தானில் மட்டும் தண்ணீரை நிறுத்தி வைத்திருப்பார்கள். வெளியே போக வழியில்லாமல் இரண்டு வழிகளும் உள்ளுக்குள்ளேயே கை கோத்துக்கொள்ளும். திருகுகளை மூடுங்கள், சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மிக்ஸரின் உள்பாகம், அதாவது கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள். முடிந்ததும் கீசர் வால்வைத் திறக்க மறக்காதீர்கள். வால்வு மூடியிருக்கும் வரை கீசர் சுவிட்சைத் தொடவே கூடாது.

பைப்புக்கு உறை

வெளியே தெரியும் வெந்நீர் பைப்புக்கு உறை போடுவது நல்லது. ஆனால் அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாக இருக்கட்டும். காலையில் முதல் தடவை திறக்கும்போது உறையால் ஒரு விநாடிகூடக் குறையாது, ஏனென்றால் இரவெல்லாம் நின்ற தண்ணீர் உறைக்குள்ளும் ஆறித்தான் இருக்கும். அரை மணிக்குள் இரண்டாவது தடவை திறந்தால்தான் பலன் தெரியும்.

ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாய் மேல் சுற்றும் கறுப்பு ரப்பர் ஃபோம் குழலே இதற்குப் பொருத்தம். ஆனால் ஏ.சி. செம்புக் குழாயை அதன் வெளி அளவால் அழைப்பார்கள், சி.பி.வி.சி. பைப்பின் வெளி அளவோ பெயரில் உள்ள இஞ்ச்சைவிடக் கொஞ்சம் பெரிது, அதனால் இஞ்ச் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். அரை இஞ்ச் பைப்புக்கு 16 மில்லிமீட்டர் துளை, முக்கால் இஞ்ச்சுக்கு 22 மில்லிமீட்டர் துளை என்று கேளுங்கள், கச்சிதமாக உட்காரும். நீளவாக்கில் கீறி, பைப்பில் மாட்டி, கீறலை டேப்பால் ஒட்டுங்கள். மொட்டை மாடி வெயிலில் இந்த ஃபோம் ஓரிரு வருடங்களில் பொடிந்துவிடும். அங்கே மேலே அலுமினிய டேப் சுற்றியே ஆக வேண்டும். சுவருக்குள் புதைந்த பைப்பைத் தோண்டி உறை போட நான் சொல்லமாட்டேன். செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

உண்மையான தீர்வு: சிங்க் பக்கத்தில் சின்ன கீசர்

ஏற்கெனவே கட்டி முடித்த ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். மூன்று லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர். சிங்க்கிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால், அரை இஞ்ச் பைப்பில் காத்திருக்கும் தண்ணீர் ஒரு டம்ளர்கூட இல்லை.

வாங்குவதற்கு முன் இதன் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 28 டிகிரித் தண்ணீர் மூன்று லிட்டரை 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதனால் பாத்திரம் எடுத்து வைக்கும்போதே சுவிட்சைப் போட்டுவிடுங்கள். அந்த மூன்று லிட்டர் தீர்ந்த பிறகு, 3 கிலோவாட் ஓடும் தண்ணீரை எவ்வளவு சூடாக்கும்? நிமிடத்துக்கு 2 லிட்டர் வேகத்தில் விட்டால் 21 டிகிரி ஏறும், கை பொறுக்கும் நல்ல சூடு. நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் 9 டிகிரிகூட ஏறாது. "புது கீசர், அஞ்சு நிமிஷத்துல பச்சைத் தண்ணி வருது" என்று புலம்புகிறவர்கள் குழாயை முழுக்கத் திறந்துவிடுகிறவர்கள்தான். கொஞ்சமாகத் திறங்கள், சூடு நிற்கும். ஒரே மூச்சில் பத்து பேர் சாப்பிட்ட பாத்திரம் கழுவும் வீடு என்றால் 6 லிட்டரோ 10 லிட்டரோ உள்ளதாக எடுங்கள்.

இடம். சிங்க்குக்குப் பக்கத்துச் சுவரில், மேடைக்கு மேலே வைப்பது என் விருப்பம். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். சிங்க் அடி அலமாரி ஈரம் நிறைந்த இடம், பிளக் பாயிண்ட் அங்கே இருக்கவே கூடாது. வேறு வழியில்லாமல் கீசரை மட்டும் அடியில் வைப்பதானால், அந்த மாடலை எந்த நிலையில் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகவோ படுக்க வைத்தோ மாட்டினால் உள்ளே காற்று தங்கி, தண்ணீரில் முழுகாத சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில் (coil), எரிந்துபோகும்.

மின்சாரம். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி ஓடும் 6 ஆம்பியர் பாயிண்ட்டில் அடாப்டர் போட்டுச் சொருகுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கென்று தனி எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்), குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒழுங்கான எர்த், மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), இவ்வளவும் வேண்டும். பழைய ஃபிளாட்களில் மூன்றாவது துளை இருக்கும், அதில் எர்த் ஒயர் வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரக் கையோடு அம்மா தொடப்போகும் கருவி இது. இங்கே நூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பைப் வேலை. பிளம்பர் செய்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் சிங்க்குக்கு வரும் இரண்டு ஆங்கிள் வால்வுகளையும் மூடவும். மிக்ஸரின் வெந்நீர் ஹோஸைக் கழற்றி, பழைய வெந்நீர் வால்வின் வாயை மூடி போட்டு அடைக்கவும். பச்சைத் தண்ணீர் வழியில் ஒரு டீ, அதாவது T வடிவ மூட்டு போட்டு, ஒரு கிளை மிக்ஸருக்கும் மறு கிளை ஒரு தனி வால்வு வழியாகக் கீசரின் நீல வாய்க்கும் போகட்டும். கீசரின் சிவப்பு வாயிலிருந்து மிக்ஸரின் வெந்நீர் ஹோஸுக்கு இணைப்பு. திரெட் உள்ள இடமெல்லாம் டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே பத்து சுற்று. பைப் ஒட்ட வேண்டி வந்தால் சி.பி.வி.சி.க்கு உரிய சால்வென்ட்தான் வேண்டும், ஒட்டியபின் காய நேரம் கொடுக்க வேண்டும். குளிர்நீருக்குப் போடும் வெள்ளை பி.வி.சி. பைப் துண்டை வெந்நீர் பக்கம் போட விடாதீர்கள், சூட்டில் இளகி மூட்டு கழன்றுவிடும்.

சிங்க் அருகே குடிநீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. இருந்தால் அதன் இணைப்பு டீக்கு முன்னால், சுத்தமான பச்சைத் தண்ணீர் வழியில் இருக்கட்டும். வெந்நீர் பட்டால் அதன் மெம்பிரேன், அதாவது வடிகட்டும் சவ்வு, கெட்டுவிடும்.

எல்லாம் மாட்டியதும் சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீர் வால்வைத் திறந்து, மிக்ஸரை வெந்நீர் பக்கம் திறங்கள். முதலில் காற்று புஸ் புஸ் என்று வரும், அப்புறம் தண்ணீர் விட்டு விட்டு வரும், பிறகு சீராக ஓடும். சீராக ஒரு நிமிடம் ஓடிய பிறகே சுவிட்ச். காய்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும்.

பாதுகாப்பு வால்விலிருந்து சூடாகும்போது ஓரிரு சொட்டு விழுந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் சூட்டில் விரிகிறது, அந்த விரிவுக்கு வழி விடுவதற்கே அந்த வால்வு. சொட்டுகிறது என்று எம்-சீல் வைத்து அடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள், அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கலாம்.

குளியலறை கீசரும் எப்போதும் ஓடும் வீடு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சின்ன கீசரின் உள்வாயைப் பச்சைத் தண்ணீருக்குப் பதில் பழைய வெந்நீர் வழியோடு இணைப்பது. முதல் மூன்று லிட்டர் சின்னதிலிருந்து வரும். அது தீரும் நேரத்தில் தூரத்து வெந்நீர் வந்து சேர்ந்துவிடும். கூட்டுக் குடும்பத்துக்கு இது அருமையாகப் பொருந்தும். கீசர் சூடான தண்ணீரை உள்ளே வாங்கலாமா என்று மட்டும் கையேட்டில் பாருங்கள்.

சமையலறைக்கு கேஸ் கீசர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: புகை வெளியே போகத் தனிக் குழாய் இல்லாமல், மூடிய இடத்தில் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வீடு கட்டுபவர்களும் சோலார் வைத்தவர்களும்

சுவரில் இன்னும் காடி எடுக்காத நிலையில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். கீசரிலிருந்து சிங்க்குக்கு நடுவில் எந்தக் கிளையும் இல்லாமல் நேராக ஒரு அரை இஞ்ச் பைப் ஓடவிடுங்கள். எங்கள் 14 மீட்டரே அரை இஞ்ச்சாக இருந்திருந்தால் 3.6 லிட்டர் 1.7 ஆகியிருக்கும். மேல் மாடியில் அழுத்தம் குறைவாக உள்ளவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும், ஒல்லி பைப்பில் ஓட்டமும் குறையும். அதைவிட நல்லது, சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும்படி வரைபடத்திலேயே கேட்பது.

மொட்டை மாடி சோலார் ஹீட்டரில் தூரம்தான் சிக்கல். ஒரு இஞ்ச் பைப் பத்து மீட்டர் கீழே இறங்கினாலே 4.3 லிட்டர். இங்கே சுற்றுப் பம்ப் உதவும். கடைசிக் குழாயிலிருந்து ஒரு திரும்பு பைப் மறுபடி சோலார் தொட்டிக்கே போகும். டைமர் வைத்த சின்ன பம்ப் காலையும் மாலையும் சில நிமிடம் ஓடி, ஆறிய தண்ணீரைத் திருப்பி அனுப்பி, வெந்நீரைக் குழாய் வாய்வரை கொண்டுவந்து நிறுத்தும். ஒரு சொட்டும் வீணாகாது. திரும்பு பைப் போட வழியில்லாத வீட்டில், சிங்க் அடியில் ஒரு இணைப்பு வால்வு போட்டு, ஆறிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் வழியாகவே திருப்பலாம். ஆனால் கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீர் பக்கமும் வெதுவெதுப்பாக வரும், ஆர்.ஓ.வுக்கும் அதுவே போகும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

சித்திரை, வைகாசியில் இதெல்லாம் தேவையா என்றால், மதியத்தில் தேவையில்லை. கறுப்புத் தொட்டியில் வெயில் குடித்த தண்ணீர் கை சுடும்படி தானாகவே வரும். அந்த இரண்டு மாதம் எங்கள் சின்ன கீசர் காலையில் மட்டும் ஓடும்.

உப்பு

போர் தண்ணீரில் ஓடும் கீசருக்கு உப்புதான் எமன். சூடான காயில் மேல் சுண்ணாம்பு போல ஓடு கட்டும். இரண்டு நிமிடத்தில் சூடானது மூன்று, நான்கு என்று தள்ளிப்போகும், கொதிக்கும்போது கரகர என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஆள் கூப்பிட்டு டிஸ்கேலிங், அதாவது அந்த ஓட்டை நீக்கும் வேலை, செய்யுங்கள். தொட்டி வகைக் கீசராக இருந்தால் உள்ளே உள்ள மக்னீசியம் தண்டையும் அப்போது பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் தண்டு அது, கரைந்திருந்தால் புதிது போட வேண்டும். கீசரின் உள்வாயில் ஒரு சின்ன சல்லடை இருக்கும். லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கிய பிறகு வரும் ஞாயிறில் நான் அதைக் கழற்றிக் கழுவுகிறேன். போன முறை அரை ஸ்பூன் மணல் இருந்தது.

எங்கள் வாளி இப்போதும் சிங்க் அடியில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை பழையபடி அளக்கிறேன். 75 விநாடி இப்போது 6 விநாடி, 5 லிட்டர் இப்போது அரை லிட்டர். அந்த அரை லிட்டரை அம்மா ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிடுகிறார்.